நம் வேதத்தின் தாய்வீடு



தபசு காலத்தில் பாஸ்கு நாடகம் நடக்கும் ஊர்களில், யூத வேடம் பூண்டவர் மேடையேறியவுடன் முன்வரிசைச் சிறுவர்களின் முகம் மாறிவிடும். கற்றூணில் கட்டி அடிக்கிற காட்சியில் சிலர் அழுவார்கள். சிலர் பல்லைக் கடிப்பார்கள். இரக்கம் நல்லதுதான். ஆயின் அந்த இரக்கத்தோடு ஒரு வெறுப்பும் பிள்ளையின் மனதில் குடியேறுகிறது. ஞானோபதேசம் முழுவதும் படித்து முடிப்பதற்கு முன்பே, "யூதர் பொல்லாதவர்கள்" என்ற பாடத்தை அது படித்துவிடுகிறது. பிறகு ஒருநாள் அதே பிள்ளை, "அம்மா, சேசுநாதர் பிறந்தபோது கிறீஸ்தவ வேதம் இல்லையே, அப்படியானால் அவர் எந்த வேதத்தைச் சேர்ந்தவர்?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

சொல்ல வேண்டிய பதில் ஒன்றே. சேசுநாதர் யூதர். யூதப் பெண்ணின் வயிற்றில் பிறந்து, எட்டாம் நாள் விருத்தசேதனம் பெற்றார். சனவரி 1ஆம் தேதியை நம் முன்னோர் விருத்தசேதனத் திருநாள் என்றே கொண்டாடி வந்தார்கள். ஓய்வுநாளில் செபக்கூடத்துக்குப் போனார். சங்கீதங்களைச் சொல்லிச் செபித்தார். பாஸ்குப் பந்தியில் அமர்ந்தார். அந்தப் பந்தியில்தான் தேவநற்கருணையை ஏற்படுத்தினார். தேவமாதா யூதப் பெண்மணி, அர்ச். சூசையப்பர் யூதர்; பன்னிரு அப்போஸ்தலரும் யூதர். அர்ச். சின்னப்பரோ யூத வேதபிரமாணத்தைக் கரைத்துக் குடித்த பரிசேயர். நாம் பூசையில் சொல்லும் 'ஆமென்', 'அல்லேலுயா', 'ஓசன்னா' ஆகியவை எபிரேயச் சொற்கள். 'பாஸ்கு' என்ற பெயரும் அவர்களுடைய திருநாளின் பெயரே. அப்பத்தையும் இரசத்தையும் காணிக்கையாக வைக்கும்போது குருவானவர் இன்று சொல்லும் செபம், யூத வீட்டுத் தகப்பன் சாப்பாட்டுக்குமுன் சொல்லும் நன்றிச் செபத்தின் சாயலில் அமைந்தது.

இவ்வளவு நெருங்கிய உறவு ஏன் பிரிந்தது? பிரிந்தவர்களில் யார்மேல் பழி? பிரிந்த பிறகு ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கவேண்டும்? இவை பண்டிதர்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. அண்ணன் தம்பியோடு சொத்துப் பிரித்துக்கொண்டு ஒரே தெருவில் வாழ்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியவை.

முதலாவது காரணம், சேசுநாதர் யார் என்பதே. உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்ட யூதர்கள், "சர்வேசுரன் நம் முன்னோருக்கு வாக்களித்த மெசியா இவரே" என்றார்கள். இவர்கள் தங்கள் வேதத்தை விட்டுவிட்டதாக எண்ணவே இல்லை. இராயப்பரும் அருளப்பரும் செபநேரத்துக்குத் தேவாலயத்துக்குப் போனதை அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தில் வாசிக்கிறோம். ஆனால் வேறு பல யூதர்கள் இதை ஏற்கவில்லை. அவர்களை வன்னெஞ்சர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோமே, அது நியாயமா? அவர்கள் தரப்பையும் கேட்போம். மெசியா வந்தால் போர் ஓயும், நீதி நிலைக்கும், இசிராயேல் விடுதலை பெறும் என்று தீர்க்கதரிசிகள் சொல்லியிருந்தார்கள். இங்கே உரோமைச் சேனை வீதியில் நிற்கிறது. மெசியா என்று சொல்லப்பட்டவரோ சிலுவையில் தொங்கினார். மரத்தில் தொங்கவிடப்பட்டவன் சாபத்துக்குள்ளானவன் என்று மோயீசன் நியாயப்பிரமாணத்தில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் சர்வேசுரன் ஒருவரே என்று அறிக்கையிட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு மனிதரைச் சர்வேசுரனுடைய சுதன் என்று ஆராதிப்பது பேரிடியாக இருந்தது.

நாமோ, பாடுபடும் ஊழியனைப்பற்றி இசையாஸ் தீர்க்கதரிசி எழுதியது சிலுவையில் நிறைவேறிற்று என்றும், கல்லறை வெறுமையாய் இருந்தது என்றும் விசுவசிக்கிறோம். இந்த விசுவாசத்தில் அணுவளவும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் விசுவாசம் தேவ கொடை. அது இல்லாதவனைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதற்காக அது நமக்குக் கொடுக்கப்படவில்லை.

இரண்டாவது காரணம் பந்தி. ஆம், சோறு உண்ணும் பந்திதான். யூதருக்கு எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது, யாரோடு உண்ணலாம் என்பதற்கெல்லாம் பிரமாணம் உண்டு. அதை வெறும் ஆசாரம் என்று எண்ணிச் சிரிக்கவேண்டாம். கி.மு. 167 வாக்கில் அந்தியோக்கு என்ற அரசன் யூத வேதத்தை அழிக்கப் பார்த்தபோது, பன்றியிறைச்சி உண்ண மறுத்து ஏழு சகோதரரும் அவர்கள் தாயும் உயிர் கொடுத்ததை மக்கபேயர் ஆகமத்தில் வாசிக்கிறோம். இரத்தம் சிந்திக் காத்த பிரமாணத்தை எவன் எளிதில் விடுவான்?

இந்நிலையில் கொர்னேலியு என்ற உரோமை நூற்றுவர் தலைவனின் வீட்டுக்கு இராயப்பர் போய், அவனுக்கும் குடும்பத்தாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். அந்தியோக்கியா பட்டணத்தில் கிரேக்கர் பலர் மனந்திரும்பினார்கள். கிறீஸ்தவர் என்ற பெயரே அங்குதான் முதலில் வழங்கிற்று. உடனே கேள்வி எழுந்தது. யூதரல்லாத பிறசாதியார் கிறீஸ்தவராவதற்குமுன் விருத்தசேதனம் பெற்று யூதராகவேண்டுமா? வேண்டும் என்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். சர்வேசுரன் கொடுத்த அடையாளத்தை நாம் எப்படி நீக்குவது என்று அஞ்சியவர்கள். கி.பி. 49 வாக்கில் ஜெருசலேமில் அப்போஸ்தலர் கூடினார்கள். நீண்ட தர்க்கம் நடந்தது. இராயப்பர் பேசினார், சின்னப்பரும் பர்னபாசும் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள், யாகப்பர் முடிவு கூறினார். விக்கிரகங்களுக்குப் படைத்ததையும் இரத்தத்தையும் மூச்சடைத்துச் செத்ததையும் மோகபாவத்தையும் விலக்கினால் போதும். விருத்தசேதனம் என்ற பாரத்தைச் சுமத்த வேண்டாம் என்று தீர்ந்தது.

காகிதத்தில் தீர்ந்தது பந்தியில் தீர்வது எளிதன்று. அந்தியோக்கியாவில் பிறசாதியாரோடு அமர்ந்து உண்டுகொண்டிருந்த இராயப்பர், ஜெருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகினார். அதைக் கண்ட சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். திருச்சபையின் தலைவரையே கண்டிக்குமளவுக்கு அது பெரிய காரியமா? பெரிய காரியந்தான். ஒரே அப்பத்தைப் பிட்டு உண்கிறவர்கள் இரண்டு பந்தியாய் உட்கார்ந்தால், கிறீஸ்துநாதர் இரண்டாய்ப் பிளக்கப்படுகிறார் அன்றோ? இராயப்பர் இதனால் வன்மம் கொள்ளவில்லை. அவர் பெயரால் வழங்கும் நிருபம் சின்னப்பரை அன்புள்ள சகோதரராகவே குறிப்பிடுகிறது.

இந்த ஜெருசலேம் வழக்கு நமக்குத் தூரத்துச் செய்தி என்று நினைக்கவேண்டாம். அதே வழக்கு 1,500 ஆண்டுகளுக்குப் பிறகு நம் மதுரை மாநகரில் மறுபடி நடந்தது. 1606ஆம் ஆண்டு தத்துவபோதக சுவாமி என்று நம்மவர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அவருக்குமுன் இங்கே பல ஆண்டுகள் உழைத்திருந்த சுவாமியார், மதுரைக்கு வந்து தங்கியிருந்த கடற்கரைப் பரவர் கிறீஸ்தவர்களைப் பராமரித்தார். ஊர்க்காரரில் ஒருவரும் மனந்திரும்பவில்லை. கிறீஸ்தவனாவது என்றால் பறங்கியாவது என்றே சனங்கள் நினைத்தார்கள். பறங்கியின் உடை, பறங்கியின் ஊண், பறங்கியின் பழக்கம். கிறீஸ்துநாதரை ஏற்பதற்குப் பறங்கியாக வேண்டுமா என்று தத்துவபோதகர் கேட்டார். கிரேக்கன் யூதனாக வேண்டுமா என்று அந்தியோக்கியாவில் எழுந்த கேள்வியே இது. காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றுப் போதித்தார். குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவை நாட்டு வழக்கம், அவற்றை விடவேண்டியதில்லை என்றார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. 1619இல் கோவாவில் இதைப்பற்றி ஆலோசனைக் கூட்டம் நடந்தது. கடைசியில் 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் தேதி 15ஆம் கிரகோரியார் பாப்பரசர், மூட பக்திக்கு இடமில்லாதவாறு இவ்வழக்கங்களை வைத்துக்கொள்ள அனுமதியளித்தார். நாம் தமிழராகவே இருந்து கிறீஸ்தவராக வாழ்வதற்கு அன்று அந்தியோக்கியாவில் திறந்த கதவே காரணம்.

ஆனால் உண்மையை முழுவதும் சொல்லவேண்டும். குடுமியைப்பற்றிய வழக்குத் தீர்ந்ததே தவிர, பந்தியைப்பற்றிய வழக்கு நம் நாட்டில் தீரவில்லை. உயர்ந்த குலத்தாருக்கு ஒரு கோவில், மற்றவருக்கு இன்னொரு கோவில் என்று அன்றே ஏற்பட்டது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலை, சாதிக்கொரு பக்கமாய் இரண்டு கிளையாகவே கட்டினார்கள்; நடுவில் இருந்த தடுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டது. யூதர் பிறசாதியாரோடு உண்ண மறுத்ததற்குச் சர்வேசுரன் கொடுத்த பிரமாணம் என்ற காரணமாவது இருந்தது. நமக்கு என்ன காரணம் இருந்தது?

நிற்க. ஜெருசலேம் தீர்மானத்தோடு யூதரும் கிறீஸ்தவரும் ஒரேநாளில் பிரிந்துவிடவில்லை. கி.பி. 70இல் உரோமைத் தளபதி தீத்து ஜெருசலேமை முற்றுகையிட்டுத் தேவாலயத்தைச் சுட்டெரித்தான். பலியும் பலிபீடமும் போயின. வீடு இடிந்ததும் அதில் குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் தங்கும் இடம் தேடவேண்டியதாயிற்று. இனி வேதபிரமாணத்தைப் படிப்பதும் செபிப்பதும் தருமம் செய்வதுமே தங்கள் பலி என்று யூத குருமார்கள் யாப்னே என்ற ஊரில் கூடி வேதத்தைக் கட்டிக் காத்தார்கள். கிறீஸ்தவர்களோ, சேசுநாதரே உண்மையான பலியும் ஆலயமும் என்றார்கள். இரண்டு வழிகளும் இங்கே கிளை விட்டன.

பிறகு 132ஆம் ஆண்டு பர் கோக்பா என்பவன் தலைமையில் யூதர் உரோமைக்கு எதிராக எழுந்தார்கள். அவனையே மெசியா என்று சிலர் கொண்டாடினார்கள். சேசுநாதரை மெசியாவாக ஏற்றவர்கள் அவன் கொடியின்கீழ் நிற்பது எப்படி? 135இல் கலகம் அடங்கியபோது ஜெருசலேமுக்குள் யூதர் காலெடுத்து வைக்கவும் தடை வந்தது. இதற்குள் திருச்சபையில் கிரேக்கரும் உரோமரும் மிகுந்து, யூதர் குறைந்துபோனார்கள். ஆயினும் 387ஆம் ஆண்டு வாக்கில் கூட அந்தியோக்கியாவில் கிறீஸ்தவர் சிலர் யூதர் திருநாட்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பர் அவர்களைக் கடிந்து செய்த பிரசங்கங்களிலிருந்து தெரிகிறது. அத்தனை ஆண்டுகளாகியும் உறவு முற்றும் அறவில்லை.

இடையில் ஒரு சோதனை வந்தது. 144ஆம் ஆண்டு வாக்கில் உரோமாபுரியில் மார்சியோன் என்பவன், யூதருடைய பழைய ஏற்பாடு நமக்கு வேண்டாம், அதைத் தள்ளிவிடுவோம் என்றான். திருச்சபை பழைய ஏற்பாட்டைத் தள்ளவில்லை, மார்சியோனைத் தள்ளிற்று.

இதன் அருமை நமக்கு நன்றாக விளங்கும். அவனியாபுரத்தைச் சுற்றிலும் வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. ஆயினும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் எதையாவது எடுத்து வாசித்துப் பாருங்கள். மேலப் பாகம் மூத்தவனுக்கு, கீழப் பாகம் இளையவனுக்கு என்று எல்லை சொல்லிவிட்டு, கிணறு மட்டும் பொது, முறை வைத்து இறைத்துக்கொள்வது என்று எழுதியிருப்பார்கள். கிணற்றை இரண்டாக வெட்ட முடியாதல்லவா? அண்ணன்மேல் உள்ள கோபத்தில் கிணற்றைத் தூர்த்தால் தம்பியின் பயிரும் கருகும். அபிரகாம், மோயீசன், தாவீது, தீர்க்கதரிசிகள் ஆகிய இந்தப் பழைய கிணறு யூதருக்கும் நமக்கும் பொது. திருச்சபை அதைத் தூர்க்க மறுத்தது அதன் ஞானம்.

கிணற்றைத் தூர்க்காவிட்டாலும், கிணற்றடியில் அண்ணனை அடித்தவர்கள் கிறீஸ்தவர்களில் உண்டு. இதை மறைத்துப் பயனில்லை. 1290இல் இங்கிலாந்திலிருந்தும் 1492இல் ஸ்பெயினிலிருந்தும் யூதர் துரத்தப்பட்டார்கள். துரத்திய அரசர்கள் பூசை கண்டவர்களே. இருபதாம் நூற்றாண்டில் நாசிகள் அறுபது லட்சம் யூதரைக் கொன்றார்கள். நாசிகளின் கொள்கை கிறீஸ்தவக் கொள்கை அல்ல; ஆயினும் பல நூற்றாண்டுகள் கிறீஸ்தவர் வாயில் வழங்கிய இகழ்ச்சி அந்தத் தீக்கு உலர்ந்த சருகாயிற்று.

நம் பக்கத்துக் கொச்சியில் நடந்ததைப் பாருங்கள். கி.பி. 1000 வாக்கில் சேர அரசர் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதருக்கு உரிமைகள் அளித்து வட்டெழுத்தில் செப்பேடு கொடுத்தார். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூத செபக்கூடம் இன்றும் நிற்கிறது. அதை ஒட்டியே அரசரின் அரண்மனை. இந்து அரசரின் சுவரோரத்தில் யூதர் அச்சமின்றிச் செபித்தார்கள். 1662இல் அந்தச் செபக்கூடத்துக்குச் சேதம் விளைத்தவர்களோ சிலுவைக் கொடியோடு வந்த போர்த்துக்கேயர். யார் சேசுநாதருக்கு அருகில் நின்றார்கள் என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்வோம்.

"ஆனால் சேசுநாதரைக் கொன்றவர்கள் யூதர்தாமே?" என்று சிலர் கேட்கலாம். விசுவாசப் பிரமாணத்தை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதில் பாடுகளோடு சேர்த்து வரும் பெயர் போஞ்சு பிலாத்து, அவன் உரோமன். தலைமைக் குருக்கள் சிலர் குற்றவாளிகள்தாம். ஆனால் அன்று உலகமெங்கும் சிதறி வாழ்ந்து, சேசுநாதர் பெயரையே கேட்டிராத யூதர் என்ன செய்தார்கள்? இன்று பிறக்கும் யூதக் குழந்தை என்ன செய்தது? திரிதெந்தீன் பொதுச்சங்கத்தின் கட்டளைப்படி 1566இல் வெளிவந்த ஞானோபதேசமே, ஆண்டவர் மரணத்துக்கு நம் பாவங்கள் காரணம் என்றும், அறிந்தே பாவம் செய்யும் கிறீஸ்தவனுடைய குற்றம் யூதருடைய குற்றத்தைவிடப் பெரிது என்றும் போதிக்கிறது. இது நேற்று வந்த புதுப் போதனை அல்ல.

இந்தப் பழைய போதனையைத்தான் நம் காலத்துப் பாப்பரசர்கள் மீண்டும் விளக்கேற்றி வைத்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமைச் செபத்தில் யூதரைக் குறித்து வழங்கிய கடுஞ்சொல்லை 1959இல் 23ஆம் அருளப்பர் நீக்கினார். 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி, ஆறாம் சின்னப்பர் காலத்தில், இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவருடைய பாடுகளுக்காக அன்றிருந்த எல்லா யூதர்மேலும் இன்றிருக்கும் யூதர்மேலும் பழி சுமத்தலாகாது என்று அறிவித்தது. 1986 ஏப்ரல் 13இல் இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமாபுரியிலுள்ள யூத செபக்கூடத்துக்குப் போய், அவர்கள் நமக்கு மூத்த சகோதரர் போன்றவர்கள் என்றார். 2000ஆம் ஆண்டு ஜெருசலேமின் மேற்கு மதிலில், கிறீஸ்தவர் செய்த குற்றங்களுக்கு மன்னிப்புக் கேட்கும் செபத்தை எழுதி வைத்தார்.

ஆகையால், வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது. சேசுநாதர் மெசியா என்கிறோம். அவர்கள் இல்லை என்கிறார்கள். இது சின்ன வேறுபாடு அல்ல. மழுப்புவது இருவருக்கும் அவமரியாதை. எல்லைக்கல் நட்ட இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் எல்லைக்கல்லை எடுத்து அண்ணன் தலையில் போட யாருக்கும் உத்தரவு இல்லை. பிறசாதியாராகிய நம்மை ஒட்டுக்கிளை என்று சின்னப்பர் உரோமருக்கு எழுதிய நிருபத்தில் சொல்கிறார். ஒட்டுப்போட்ட கிளை வேரைப் பார்த்து மார்தட்டினால் அதற்கு நீர் எங்கிருந்து வரும்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். பாஸ்கு பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு, அடித்தவன் மட்டுமன்று, அழுத மாதாவும் யூதப் பெண்ணே என்று சொல்லிக்கொடுங்கள். பூசையில் சங்கீதம் வாசிக்கும்போது, இதே சங்கீதத்தை இன்று எங்கோ ஒரு யூதக் குடும்பமும் சொல்லுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு நின்றுவிடவும் வேண்டாம். கலியாண வீட்டிலும் இழவு வீட்டிலும் யாரை முதல் பந்தியில் உட்காரவைக்கிறோம், யாரைப் பார்த்தும் பாராததுபோல் இருக்கிறோம், யார் வீட்டில் கைநனைக்கத் தயங்குகிறோம் என்று எண்ணிப்பாருங்கள். ஞாயிறு காலை ஒரே நற்கருணை வாங்கிய இருவர், மாலையில் ஒரே இலைப்பந்தியில் அமரமாட்டார்கள் என்றால், அந்தியோக்கியாவில் சின்னப்பர் எழுந்து நின்று பேசியது நமக்கும் சேர்த்துத்தான்.

இவ்வாரம் குடும்ப செபத்தின்போது, அபிரகாமின் பிள்ளைகளாகிய யூத சனத்துக்காக ஒரு பரலோக மந்திரமும், நாம் இதுவரை நம் பந்தியில் சேர்க்காத ஒரு குடும்பத்துக்காக இன்னொரு பரலோக மந்திரமும் சொல்லுங்கள். இரண்டாவதைச் சொன்ன பிறகு, அந்தக் குடும்பத்தை ஒருநாள் சாப்பிட அழையுங்கள்.